கம்ப்யூட்டரில் யார் பெயர் முதலில்?

என் மேஜை மேல் ஒரு மெழுகுவர்த்தி வந்து விழுந்தது.

போன சனிக்கிழமை, காலை டீ நேரம். வைக்கவில்லை... விழுந்தது. நீளமான வெள்ளை மெழுகுவர்த்தி. நடுவில் நீல ரிப்பன் கட்டி, காகிதப் பூ ஒன்று செருகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சவரிமுத்து.

"இந்தாங்க சார். நாளைக்கு நீங்களே இதைப் பிடிச்சுக்கிட்டு என் மக கூட நடந்துருங்க. எனக்குத்தான் டூட்டி போட்டுட்டீகல்ல?"

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் சொன்னது நியாயம். 

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு நூற்பாலையில் நான் தொழிலாளர் நல அதிகாரி. பிழைப்புக்கு அது, பிடிவாதத்துக்கு இந்தப் பத்தி. சவரிமுத்து எங்கள் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். ஊர் ராயப்பன்பட்டி. சாதாரணமாக என் அறைக்கு வந்தால் கதவுக்கு உள்ளே அரை அடிகூட எடுத்து வைக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர் மேஜை வரைக்கும் வந்து மெழுகுவர்த்தியை எறிகிறார் என்றால், விஷயம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் லூர்துமேரிக்குப் புது நன்மை. கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. அவர்கள் ஊரில் அந்த மெழுகுவர்த்தியை ஏற்றிப் பிள்ளை கையில் கொடுப்பது அப்பாவின் வேலை. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தடவைதான் அந்த நாள் வரும். அந்த நாளில், காலைப் பூசை நேரத்தில், சவரிமுத்துவுக்கு மில்லில் காலை ஷிஃப்ட் போட்டிருந்தது.

போட்டது யார்? நானா? மேனேஜரா? சூப்பர்வைசரா?

கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் எங்கள் மில்லுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சூடம் காட்டி உள்ளே அழைத்தோம். அதற்கென்று ஏ.சி. அறை. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். அறைக் கதவின் கீழே கசிகிற குளிர் காற்றுக்காக எங்கள் வாட்ச்மேன் வளர்க்கும் கோம்பை நாய் நாள் முழுக்க அங்கேயே படுத்திருக்கும். ராத்திரி காவலுக்கு அது தயாராகிறது என்று வாட்ச்மேன் சொல்கிறார். நான் ஒரு ஏ.சி. கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

முன்பெல்லாம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று சூப்பர்வைசர்கள் கையால் எழுதுவார்கள். வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு ஒன்று. தினமும் என் அறையில் பஞ்சாயத்துதான். அலுத்துப்போன மேனேஜர் ஒரு நாள் உத்தரவு போட்டார். "இனிமே கம்ப்யூட்டர் அடிச்சுக் கொடுக்கிறதுதான் ஷிஃப்ட். எவனும் அதுல பேனாவால கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்!" — கடைசி வார்த்தை எனக்கு.

நல்ல உத்தரவுதான். தகராறு பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம். கம்ப்யூட்டருக்கு ஞாயிறும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். ராயப்பன்பட்டிக்காரர்கள் எல்லோரும் மில் ஆரம்பித்தபோது கும்பலாக வந்து சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த டோக்கன் நம்பர். கம்ப்யூட்டர் நம்பர் வரிசைப்படி பிரித்ததில் அந்தக் கும்பலுக்கு ஞாயிறு காலை ஷிஃப்ட்டே விழுந்துகொண்டிருந்தது. பூசைக்குப் போக முடியவில்லை என்று மொத்தமாக வந்து நின்றார்கள்.

கம்ப்யூட்டருக்கு அந்தப் புரோகிராமை எழுதியவர் சுந்தரராஜன் சார். எங்கள் சீஃப் அக்கவுன்டன்ட். மதுரைக்கு வார வாரம் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, முதலாளியிடம் மல்லுக்கட்டி அந்த மெஷினை வாங்க வைத்தவரே அவர்தான். ஆனால் கணக்கு வேலை அவரை விடவில்லை. அதனால் புதிதாக ஒரு பெண்ணை எடுத்தோம். பெயர் கிரேஸ். தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்த பெண்.

"நாங்க சி.எஸ்.ஐ. சார். அவுக ஆர்.சி. ஆனா ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமைதானே?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு புதிய புரோகிராம் எழுதினாள். ஞாயிறு காலை ராயப்பன்பட்டிக்காரர்களைத் தொடாது. அதற்குப் பதில் ஓடைப்பட்டிக்காரர்களைக் காலையில் போடும். அவர்களுக்கும் ஏக சந்தோஷம் — ஞாயிறு மத்தியானம் வீட்டில் இருந்தால் திராட்சைக்கு மருந்து அடிக்கலாம்.

யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. நான் ராயப்பன்பட்டி பஸ்ஸில் ஏறி நின்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டேன். "இனி உங்க ஞாயித்துக்கிழமைக் காலையை எவனும் தொடமாட்டான்!" கைதட்டல் வேறு.

முதல் வாரம் லிஸ்ட் வந்தது. ராயப்பன்பட்டி — ஞாயிறு காலை ஷிஃப்ட்.

சரி, புதுசு... தடுமாறுகிறது என்றேன். இரண்டாவது வாரமும் அதே கதை. கிரேஸ் அழாத குறை. "நான் பாக்கும்போது சரியா வருது சார். போர்டுல ஒட்டும்போது தப்பா வருது." மூன்றாவது வாரம்தான் அந்தச் சனிக்கிழமை. புது நன்மைக்கு நிச்சயம் சரியாகிவிடும் என்று சவரிமுத்துவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதே லிஸ்ட். அதே காலை ஷிஃப்ட்.

லீவு கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ராயப்பன்பட்டியில் அன்றைக்குப் புது நன்மை வாங்குவது ஒரு பிள்ளையா? சவரிமுத்துவுக்குக் கொடுத்தால் அத்தனை அப்பன்மாருக்கும் கொடுக்க வேண்டும். வைண்டிங் பிரிவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். மேனேஜர் ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார்.

"ரெண்டு மணிக்கு நம்ம பஸ்ஸு கிளம்பிரும் சார். அதுக்குள்ள ஏதாவது பாருங்க. இல்ல, அந்தப் பிள்ளகிட்ட என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு சவரிமுத்து திரும்பிப் பார்க்காமல் போனார்.

மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். நாயைத் தாண்டினேன். செருப்பைக் கழற்ற மறந்து, திரும்பி வந்து கழற்றினேன். கோபத்தோடு நுழைகிறவனுக்கு இந்தச் செருப்புச் சம்பிரதாயம் பெரிய இடைஞ்சல்!

உள்ளே கிரேஸ், அவளுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் கிளார்க் பாண்டி. ஒவ்வொரு சனிக்கிழமையும் லிஸ்ட் எடுப்பவர் பாண்டிதான். பிரிண்டரைப் பார்த்தேன். அதன் கழுத்தில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"இது என்ன?"

பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் என் கைராசி சரியில்லன்னு சொல்றாக சார். கிரேஸம்மா அடிச்சா சரியா வருது, நான் அடிச்சா தப்பா வருது. அதான் கட்டிப் பார்த்தேன்."

"கைராசியா?"

"நெசந்தான் சார். என் கை நட்ட கறிவேப்பிலைகூட பொழைக்காது."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். "ரெண்டு பேரும் என் கண் முன்னாடி அடிங்க!" என்றேன். கத்தினேன் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

பாண்டி விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அடித்தார். இங்கிலீஷில் ஆறே எழுத்து — ரோஸ்டர். ஷிஃப்ட் போடும் புரோகிராமின் பெயர் அது. பழையதற்கும் அதே பெயர், கிரேஸ் எழுதிய புதியதற்கும் அதே பெயர். பாண்டி புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை என்பதற்காக. திரையில் ஞாயிறு காலை ஷிஃப்ட் வந்தது. சவரிமுத்து பெயர் பளிச்சென்று நின்றது.

அடுத்து கிரேஸ் தன் திரையில் அடித்தாள். சவரிமுத்து ஞாயிறு மத்தியானத்துக்குப் போய்விட்டார். காலையில் முழுக்க ஓடைப்பட்டி.

"பாத்தீகளா சார்?" என்றார் பாண்டி, செத்த குரலில்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் காது உண்டு. பாண்டி அடித்தபோது சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கிரேஸ் அடித்தபோது தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது.

"ஏம்மா, அவர் அடிச்சது குட்டியா இருந்தது. நீ அடிச்சது மட்டும் ஏன் அவ்வளவு நீளம்?"

"அது ஒண்ணும் இல்ல சார். நான் முழு விலாசத்தோட அடிப்பேன், பழக்கம். எந்த வீடு, எந்த ரூம், எந்தப் புரோகிராம்னு. அவுக வெறும் பேரை மட்டும் அடிப்பாக. ரெண்டும் ஒண்ணுதானே..."

திரும்பிப் பாண்டியின் திரையைப் பார்த்தாள். 

"ஒண்ணுதானே?" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை தன்னையே கேட்பது மாதிரி.

எங்கள் மெஷின் யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டில் ஓடுவது. பெட்டி ஒன்று; அதிலிருந்து வயர் இழுத்து நாலைந்து திரைகள். அவரவர் பெயரைச் சொல்லி உள்ளே போகலாம். உள்ளே அவரவருக்கு ஒரு வீடு உண்டு. சுந்தரராஜன் சாருக்கு ஒரு வீடு, கிரேஸுக்கு ஒரு வீடு. இதுபோக எல்லோருக்கும் பொதுவான இடமும் உண்டு. இவ்வளவும் அந்தப் பெண் அப்புறம் சொல்லித் தெரிந்துகொண்டது.

"ரோஸ்டர் என்று சொன்னால் நீ எந்த வீட்டு ரோஸ்டரை எடுப்பாய்?" என்று மெஷினையே கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறதாம். பாண்டியின் திரையில் அதை அடித்தாள். ஒரு வரியில் பதில் வந்தது. சுந்தரராஜன் சார் வீட்டு ரோஸ்டர்.

"ஐயையோ..." என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் புரோகிராம் ஒரு நாள்கூட ஓடவே இல்ல சார்!"

விஷயம் இவ்வளவுதான். நாம் ஒரு ஆளைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, "வெல்லம் வாங்கிட்டு வா. முதல்ல இந்தக் கடையில பாரு, இல்லாட்டி அந்தக் கடை, அங்கயும் இல்லாட்டி மூணாவது கடை" என்று சொல்கிறோம் அல்லவா? முதல் கடையிலேயே வெல்லம் கிடைத்துவிட்டால் அவன் திரும்பிவிடுவான். இரண்டாவது கடையில் அன்றைக்குத்தான் வந்திறங்கிய அருமையான வெல்லம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? யூனிக்ஸும் அப்படித்தான். தேட வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி வைத்த ஒரு வரி உண்டு. அதற்குப் பாத், அதாவது பாதை என்று பெயர். பெயரை மட்டும் சொன்னால், அந்த வரிசைப்படி போய், முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்து ஓட்டிவிடும். அதற்கு மேல் ஒரு எட்டு எடுத்து வைக்காது.

அந்த வரிசையில் முதலில் இருந்தது சுந்தரராஜன் சாரின் வீடு. அதற்கு அடுத்துத்தான் கிரேஸ் வீடு.

"அந்த வரிசையை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அவர் வீட்டை ஏம்மா முதல்ல போட்டே?"

கிரேஸ் என்னை விநோதமாகப் பார்த்தாள். இதையெல்லாம் கேட்பார்களா என்கிற மாதிரி.

"அவுக பெரியவுக சார். இந்த மெஷினையே கொண்டுவந்தவுக. அவுக பேருக்கு முன்னால என் பேரை எப்படிப் போடுறது? எங்க கடைக் காலண்டர்லகூட பெரியப்பா பேருக்குக் கீழதான் எங்கப்பா பேரு வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. யூனிக்ஸைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர்கள் எத்தனையோ தவறுகளை யோசித்துப் பார்த்திருப்பார்கள். இப்படி ஒரு தவறு வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பார்களா? தேனி பஜாரில் பிறந்த ஒரு பெண்ணால்தான் அது முடியும். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் மாமா பெயருக்குக் கீழே போய்விட்டது என்று கல்யாணத்துக்கே வராத குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்த ஊரில் வளர்ந்துவிட்டு, பெரியவர் பெயரைப் பின்னால் போட விரல் எப்படி வரும்?

"சரி, உன்னோடதை முழு விலாசத்தோட அடிச்சு எடு. போர்டுல ஒட்டிருவோம்."

"போர்டு மட்டும்னா இப்பவே எடுத்துருவேன் சார். ஆனா மெயின் கேட்டுக்குப் போற லிஸ்ட், பஸ்ஸுக்குப் போற லிஸ்ட் எல்லாம் வேற புரோகிராம். அது எல்லாமே வெறும் பேரைச் சொல்லித்தான் ரோஸ்டரைக் கூப்பிடுது. போர்டுல மத்தியானம்னு போட்டு, கேட்டுல காலையில வரலன்னு ஆப்சென்ட் விழுந்தா?"

"அப்ப வரிசையை மாத்து!"

"சாரைக் கேக்காமயா?" என்றாள். 

பாண்டி மெதுவாகச் சொன்னார்: "கிரேஸம்மா வரிசை எழுதின அன்னிக்கு அக்கவுன்டன்ட் சார் இங்கன வந்து இந்த வரியைப் பார்த்தாக சார். 'என்னையவா முதல்ல போட்டிருக்க?'ன்னு கேட்டாக. அன்னிக்கு முழுக்க அவுக முகத்துல ஒரே சந்தோசம்."

நன்றாக இருக்கிறது! இந்தப் பெண் போகமாட்டாள். பாண்டியும் போகமாட்டார். பெரிய மனிதர் ஒருவரிடம் போய், "ஐயா, உங்கள் பெயரை முன் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும்" என்று யார் சொல்வது? தொழிலாளர் நல அதிகாரி என்று ஒருவனைச் சம்பளம் கொடுத்து எதற்கு வைத்திருக்கிறார்கள்?

சுந்தரராஜன் சார் தன் அறையில் ஃபைல்களுக்கு நடுவில் இருந்தார். நான் மழை வருமா என்று ஆரம்பித்தேன். பெரியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க சுத்தி வளைச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லையே. யாரைத் திட்டணும், சொல்லுங்க. அது என்ன கையில மெழுகுவர்த்தி?"

சொன்னேன். மெழுகுவர்த்தியில் ஆரம்பித்து, வரிசையில் அவர் பெயர் முதலில் இருப்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அப்ப இத்தனை வாரமா ஓடினது என்னோடதா?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணோடது?"

"ஒரு தடவைகூட ஓடல."

முகம் வாடிவிட்டது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. "நான் வேற அதுகிட்ட, 'உன் புரோகிராம்ல ஏதோ கோளாறு இருக்கு, நல்லாப் பாரு'ன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்..." என்றார். பிறகு எழுந்தார். "வாங்க, போவோம். பஸ் போயிரும்ல?"

அவரும் நாயைத் தாண்டினார், செருப்பைக் கழற்றினார். அவர் உள்ளே வந்ததும் கிரேஸ் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. கல்யாணப் பத்திரிகையில பேர் போட்டா அதைப் படிக்கிறது மனுசன். இந்த வரியைப் படிக்கிறது யாரு? மெஷினு. அதுக்குப் பெரியவுக, சின்னவுக தெரியுமா?"

"தெரியாது சார்."

"உன் ரோஸ்டர் இப்ப எங்கன இருக்கு?"

"என் வீட்டுல சார்."

"மில்லுக்கு உழைக்கிற புரோகிராம் உன் வீட்டுல எதுக்கு இருக்கணும்? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்ட. உன் வீட்டைத் துடைச்சிட்டு வேற ஆளு குடிவருவான். அப்ப ரோஸ்டரும் போச்சா? பொது இடம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"அங்கன வைக்க எனக்கு அனுமதி இல்ல சார். உங்களுக்கு மட்டும்தான் உண்டு. உங்ககிட்ட கேக்க..." 

"பயமா?"

கிரேஸ் தலையை ஆட்டினாள். அவர் சிரித்துவிட்டார். "நான் மட்டும் என்ன? என்னோடதையும் என் வீட்டுலயேதான் வச்சிருந்திருக்கேன். என்னைய யாரும் கேக்கல" என்று சொல்லி, தானே உட்கார்ந்து புதிய ரோஸ்டரைப் பொது இடத்துக்கு மாற்றினார். பிறகு அந்த வரிசையைத் திரையில் கொண்டுவந்தார். பொது இடத்தை முதலில் எழுதினார். தன் வீட்டை அழித்தார். அழித்துவிட்டு, விரலை எடுக்காமல் யோசித்தார்.

கிரேஸுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டாவதா வைப்போம் சார்."

"வேண்டாம். கடைசியில வை."

"சார்..."

"நெசமாத்தான் சொல்றேன். மத்த இடத்துல எங்கயும் கிடைக்காத சாமானுக்குக் கடைசியா என்கிட்ட வரட்டும். நான் இருப்பேன்ல?"

சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் தன் வீட்டை அவரே அடித்தார். எனக்கு என்னவோ செய்தது. கடைசி இடம் என்றால் மட்டமான இடம் என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாண்டி, அடிங்க" என்றார்.

பாண்டி எலுமிச்சம்பழத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்தார். திரையில்... சவரிமுத்து. ஞாயிறு. காலை.

பாண்டி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "நான்தான் சொன்னேன்ல சார்! என் கை! என் கைதான்!"

எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. ஆனால் கிரேஸ் இப்போது பயப்படவில்லை. அவளுக்குத் தன் புரோகிராமைப் பற்றிய சந்தேகமே போய்விட்டிருந்தது. "அண்ணே, உங்க கையில ஒண்ணும் இல்ல. நீங்க காலையில உள்ள வந்தப்ப இருந்த பழைய வரிசையிலேயே இன்னும் இருக்கீக. ஒரு தடவை வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க."

பாண்டி விறுவிறுவென்று கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நாயைத் தாண்டி வராந்தாவுக்குப் போனார். நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

சுந்தரராஜன் சார் சிரித்த சிரிப்பு பஞ்சு குடோன் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏலே பாண்டி, நீ இல்லப்பா. மெஷினுக்குள்ள இருந்து வெளிய வா. லாக்-அவுட் பண்ணு!"

பண்ணினார். மறுபடி தன் பெயரைச் சொல்லி உள்ளே போனார். ரோஸ்டர் என்று அடித்தார்.

ஞாயிறு காலை — முழுக்க ஓடைப்பட்டி. ராயப்பன்பட்டி மொத்தமும் மத்தியானத்தில். கேட் லிஸ்ட் எடுத்தோம். அதிலும் மத்தியானம். பஸ் லிஸ்ட். அதிலும் மத்தியானம். பாண்டி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கறிவேப்பிலைக் கன்று நடப்போவதாகச் சொன்னார்.

பிரிண்டர் கரகரவென்று லிஸ்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. ஓடைப்பட்டிக்காரர்களுக்குச் சொல்லப் பாண்டி ஓடினார்; நான் ஒரு கையில் லிஸ்ட், ஒரு கையில் மெழுகுவர்த்தியோடு ஓடினேன். என் வயதில் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் கிடக்கிறார். 

ராயப்பன்பட்டி பஸ்ஸில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் சவரிமுத்து. என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜன்னல் வழியாக மெழுகுவர்த்தியை நீட்டினேன்.

"இந்தாரும். உம்ம மகளுக்கு நீரே ஏத்திக் கொடும்!"

"என்ன சார்?"

"நாளைக்கு உங்க எல்லாருக்கும் மத்தியான ஷிஃப்ட்."

சவரிமுத்து மெழுகுவர்த்தியை வாங்கவில்லை. முதலில் லிஸ்டைத்தான் வாங்கினார். தன் பெயர் இருக்கும் வரியைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பேனாவுல எழுதினதா சார், மெஷின்ல வந்ததா?"

"மெஷின்ல வந்தது."

"அப்ப இதை யாரும் மாத்த முடியாதுல்ல?"

"மேனேஜரே நினைச்சாலும் முடியாது."

அப்போதுதான் மெழுகுவர்த்தியை வாங்கினார். காலையில் எறிந்ததில் நடுவில் ஒரு விரிசல். ரிப்பனைக் கொஞ்சம் கீழே இறக்கி விரிசலை மறைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. என் கண்ணும்தான், ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நாளைக்குப் பூசைக்கு நீங்களும் வரணும் சார். வராம இருந்துராதீக" என்று கத்தினார். பஸ் கிளம்பிவிட்டது.

போனேன். கிரேஸும் வந்திருந்தாள். சுந்தரராஜன் சாரையும் கூப்பிட்டோம். அவர், "எதாவது கோளாறுன்னா நான் இங்கன இருக்கணும்ல?" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் மில்லுக்குப் போய்விட்டார். ஒரு கோளாறும் வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். சும்மா இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கோயில் முழுக்க வெள்ளைக் கவுன்கள். லூர்துமேரி பூ முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். அது அவள் தலைக்குப் பெரிது. சவரிமுத்து குனிந்து மெழுகுவர்த்தியை ஏற்றினார். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. அந்தப் பிள்ளை பொறுமையாக நின்று, "அப்பா, மெதுவா" என்றது. மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது. வைண்டிங்கில் அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் கை அது. அன்றைக்கு அப்படி ஆடியது. ஏற்றி, மகள் கையில் கொடுத்துவிட்டு, அவளோடு நடந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது ஒன்று தோன்றியது. பெரியவர்களை முன்னால் நிறுத்துவது நல்ல பழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை நடக்கிற வரிசையில் வேலை செய்கிறவர்தான் முன்னால் நிற்க வேண்டும். தன் பெயரைத் தானே எடுத்துக் கடைசியில் வைக்க ஒரு பெரியவருக்கு மனசு வந்தால், எத்தனை அப்பன்மார் மகள்களோடு நடக்க முடிகிறது, பாருங்கள்!

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மில் ஆபீசர் வருகிறார் என்று கோயிலில் எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். "வேண்டாம்ப்பா, நான் கடைசியிலயே உக்காந்துக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

ஃபேன் அங்கேதான் இருந்தது.